கீச்சானுக்கு ஒரு பாடு

அந்தக் காலத்தில் திருவள்ளூரில் வீட்டுக்குள் கடலை வைத்திருந்தவர்கள் தேசப்பனும் ரத்னாவும்தான். கடல் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஆங்கிள் இரும்பில் சட்டம் கட்டி, ஜன்னல் கண்ணாடியை வெட்டிப் பொருத்தி, இடுக்குகளைப் பட்டி வைத்து அடைத்து, துருப்பிடிக்காமல் இருக்கத் தார் பூசி, தேசப்பன் தன் கையால் செய்த ஒரு தொட்டி. அதில் பழவேற்காட்டிலிருந்து கேனில் பஸ் ஏற்றிக் கொண்டுவந்த உப்புத் தண்ணீர். தண்ணீருக்குள் மூன்று கீச்சான் மீன். வீட்டுக்கு வருகிறவர்கள் காபி குடிக்க மறந்தாலும் மறப்பார்களே தவிர, "இது எப்ப கொழம்புக்கு?" என்று கேட்க மறக்க மாட்டார்கள். கேட்டவர்களுக்கு ரத்னா அடுத்த முறை காபி தர மாட்டாள்.

கீச்சான் ஒன்றும் சீமை மீன் இல்லை. பழவேற்காட்டு உப்பு ஏரியில் எறாவுக்கு, அதாவது இறாலுக்கு, வலை போட்டால் கூடவே வந்து மாட்டிக்கொள்ளும் சின்ன மீன். வெள்ளி உடம்பில் வில்லாக வளைந்த கறுப்புக் கோடுகள் ஓடும். தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால் கையில் இருந்துகொண்டே 'கீச், கீச்' என்று கத்தும். ரத்னாவுக்கும் சின்ன வயதில் அதே பேர்தான். அவளுடைய மெல்லிய குரலைக் கேட்டுவிட்டு அவள் அப்பா கலியன் வைத்த பேர். கரையில் வலை உலர்த்துகிறவர்கள், எறா எடுக்க வருகிற யாவாரிகள், எல்லோருக்கும் அவள் கீச்சான்தான். கல்யாணமாகித் திருவள்ளூருக்கு வந்த பிறகு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. தேசப்பனும் பழவேற்காட்டுக்காரன்தான் என்றாலும், ஏரியை விட்டுக் காக்களூரில் ஒரு லேத் ஷெட்டில் ஃபிட்டராகச் சேர்ந்து, உப்பு வாசனை போய் எண்ணெய் வாசனை வந்தவன். பெண்டாட்டியை ரத்னா என்று முழுப்பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் கலியன் மகளைப் பார்க்க வந்தார். கையில் ஒரு மண்பானை, அதன் வாயில் ஈரத்துணி. பொன்னேரியில் ஒரு பஸ், செங்குன்றத்தில் ஒரு பஸ் என்று மாறி மாறி, பானையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"வெறுங்கையோட வரக் கூடாதுன்னு பாத்தேம்மா. நேத்து என் பாடு. எறா ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி வுழல. இதுங்கதான் வந்து மாட்னுச்சு. தூக்கிக் கடாசலாம்னு எடுத்தா, கையில ஒக்காந்துகினு உன்ன மாதிரியே கத்துது. மனசு வரல."

"போ நைனா," என்று ரத்னா சிரித்தாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை தேசப்பன் கேட்டதில்லை. அன்றைக்கே தொட்டிக்கு அளவெடுத்துவிட்டான்.

பழவேற்காட்டு ஏரியில் பாடு என்றால் முறை. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிற வழக்கம். உன் பாடு நாளில் அந்த இடம் உன்னுடையது. அடுத்தவன் வயிறு காய்ந்தாலும் அங்கே கை வைக்க மாட்டான். ஆனால் உன் பாடு வந்துவிட்டால் காய்ச்சல் என்றோ களைப்பு என்றோ நீ படுத்திருக்கவும் முடியாது. "பாடு வந்துட்டா கை சும்மா இருக்கக் கூடாது" என்பதுதான் கலியன் படித்த வேதம். சின்னப் பெண்ணாக இருந்தபோது ரத்னா அவரோடு படகில் போயிருக்கிறாள். விடியாத இருட்டில் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். அப்பா கோலை ஊன்றிக்கொண்டே தூக்கம் வராமல் இருக்க ஏதாவது பாடிக்கொண்டு வருவார். தூரத்தில் பூநாரைகள் நிற்பது முதலில் தெரியாது; வெளிச்சம் வர வர ஒவ்வொன்றாகத் தெரியும். கல்யாணச் சந்தடியில் இதற்கெல்லாம் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டா வர முடியும்? அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

அந்தக் கார்த்திகை மழையில் கலியன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐப்பசியில் வந்ததே அவருக்குக் கடைசிப் பாடாகப் போயிற்று. வலைகளை அண்ணன் எடுத்துக்கொண்டான், படகைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். அதுதான் நியாயமும்கூட. ரத்னாவுக்கு என்று மிஞ்சியது அந்த மூன்று மீன்தான். அப்பா கையால் தொட்டது, அப்பா மனசு வராமல் விட்டது, இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது என்று உலகத்தில் வேறு எதுவும் அவளிடம் இல்லை.

மூச்சு என்று சொன்னேன். அந்த மூச்சு மதராசு மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கிய ஒரு மோட்டாரிலிருந்து வந்தது. உள்ளங்கை அளவுப் பெட்டி. கரெண்ட் கொடுத்தால் உள்ளே ஒரு ரப்பர்த் தோல் துடித்துத் துடித்து, குழாய் வழியாகத் தண்ணீருக்குள் காற்றை அனுப்பும். 'ம்ம்ம்' என்று ராவும் பகலும் முனகிக்கொண்டே இருக்கும். ஏரியில் காற்றும் அலையும் செய்கிற வேலையைத் திருவள்ளூரில் அந்தப் பெட்டி செய்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒற்றைக்கல் சுவர் வழியாக அந்த முனகல் வீட்டுக்காரி தாயாரம்மாளுக்கும் கேட்கும்.

தாயாரம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரி. நாற்பதைத் தாண்டியவள். அவள் புருஷன் ராஜமாணிக்கத்துக்குக் கடம்பத்தூரில் நெல் நிலம்; மனுஷன் வீட்டில் இருந்ததைவிட மாட்டோடு இருந்த நேரம்தான் அதிகம். பிள்ளை குட்டி இல்லை. அதனால் வாய் மட்டும் வளர்ந்துவிட்டது என்று தெருவில் சொல்வார்கள். தெருவுக்கு என்ன, எதையாவது சொல்லும்.

"மீனுன்னா கொளத்துல இருக்கணும், இல்ல கொழம்புல இருக்கணும். கூடத்துல இன்னாடி வேல அதுக்கு?" என்று கிணற்றடியில் ரத்னாவை மடக்குவாள். பதில் வருவதற்குள், "எனக்கு இன்னா வந்துச்சு. என் பாடு எனக்கு," என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அவளுக்குப் பாடு என்றால் தலையெழுத்து, கஷ்டம், அவ்வளவுதான். மீன் வாசனைக்கு முகம் சுளித்து ரத்னாவின் நிலைப்படியை அவள் ஒரு நாளும் தாண்டியதில்லை.

போகியன்று காலை பழைய பாயை வாசலில் கொளுத்திவிட்டு உள்ளே வந்த ரத்னாவுக்கு வீடு என்னவோ போலிருந்தது. எதையோ களவு கொடுத்துவிட்ட மாதிரி. பிறகுதான் புரிந்தது, முனகல் இல்லை. தொட்டியில் குமிழி இல்லை. மூன்று கீச்சானும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

தேசப்பன் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தான். ரப்பர்த் தோல் நடுவில் கிழிந்திருந்தது. உப்புக் காற்று பட்டுப் பட்டு அது அப்பளமாகியிருந்தது. சைக்கிள் டியூபை வெட்டி வைத்துப் பார்த்தான். தடிமன், துடிக்க மாட்டேன் என்றது. பலூனைக் கட்டிப் பார்த்தான். துடித்த வேகத்தில் கிழிந்தது. லேத்தில் இரும்பை நூல் பிசகாமல் கடைகிறவனின் வித்தை ஒரு துண்டு ரப்பரிடம் செல்லுபடியாகவில்லை.

"ஷெட்டுல இருக்குமாயா?" என்று ரத்னா கேட்டாள்.

"ஷெட்ட நேத்தே பூட்டிட்டாங்க. பொங்கல் முடிஞ்சாதான். மூர் மார்க்கெட்டும் தொறக்குமோ இன்னாவோ."

"அதுவரைக்கும் இதுங்க தாங்காது."

"தெரியுது ரத்னா. பேஜாருதான்."

ரத்னா சமையல்கட்டுக்குப் போய்ப் பித்தளைச் சொம்பை எடுத்து வந்தாள். தொட்டித் தண்ணீரை மொண்டு, கையை உயரத் தூக்கி, அதே தொட்டியில் ஊற்றினாள். நுரை எழும்பியது. மறுபடி மொண்டாள், மறுபடி ஊற்றினாள். நுரை போகும் இடத்துக்கெல்லாம் மீன்கள் போயின. கொஞ்ச நேரத்தில் அவை மேலே இருந்து கீழே இறங்கிவிட்டன. ஆனால் கை நின்றால் திரும்ப மேலே வந்துவிடும்.

"இப்ப என் பாடு. அப்பறம் உன் பாடு," என்றாள். தேசப்பனுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை, ஏரிக்காரன். மறுநாள் விடியும் வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஊற்றினார்கள்.

பொங்கலன்று காலை தேசப்பன் மதராசுக்கு ரயில் ஏறினான். மூர் மார்க்கெட் இல்லாவிட்டாலும் எங்கேயாவது ஒரு மெல்லிய ரப்பர் கிடைக்காமலா போய்விடும்? தெருவெல்லாம் "பொங்கலோ பொங்கல்" என்று கூச்சல். ரத்னாவின் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. தூக்கம் கண்ணைச் சுழற்றியது. அசந்துவிடக் கூடாதே என்று, அப்பா கோல் ஊன்றும்போது பாடுகிற பாட்டையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பாடிக்கொண்டே மொண்டு மொண்டு ஊற்றினாள். பாதி வரிகள் மறந்துபோயிருந்தன. மறந்த இடத்தில் தானே எதையோ சேர்த்துக்கொண்டாள். தோள் விட்டுப்போயிருந்தாலும், உண்மையைச் சொன்னால் அவளுக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. அப்பாவோடு படகில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

உச்சி சாய்ந்த பிறகு கதவு தட்டும் சத்தம். ரத்னா சொம்பைத் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போய்த் திறந்தாள். தாயாரம்மாள் ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கலோடு நின்றாள்.

"உங்கூட்ல பொகையே காணோமேன்னு பாத்தேன். நல்ல நாளும் அதுவுமா ஒரு பொம்பள பட்டினி கெடந்தா எனக்குத்தான் பாவம். இந்தா." அப்புறம் முகத்தைப் பார்த்தாள். "இன்னாடி, கண்ணெல்லாம் மொளகாயா இருக்குது? அவரு எங்க?"

ரத்னாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மோட்டார் கெட்டதைச் சொன்னாள். மீன் யார் கொடுத்தது என்று சொன்னாள். அதை அதுவரை அவள் கிணற்றடியில் சொன்னதில்லை. தாயாரம்மாள் கேட்டுக்கொண்டே, தன்னை அறியாமல் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள்.

"அக்கா, ஒரு ஒத்தாச. என்னால முடியல. செத்த நேரம் இங்க ஒக்காருங்க. இப்ப உங்க பாடுன்னு வச்சிக்கங்க."

"இன்னாது? பாடா? நானா?"

"ஆமாக்கா. நிறுத்தாம இருந்தாப் போதும்."

தாயாரம்மாளுக்கு வெட்கம் வந்த மாதிரி இருந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "எனக்கு இன்னாடி வரும்… சரி, உசுரு விஷயம்ன்ற. நீ போய்ப் படு."

பாடு என்ற பிறகு அதற்கு மேல் சொல்ல ஏரிக்காரிக்கு என்ன இருக்கிறது? ரத்னா பாயில் சாய்ந்தாள். அவ்வளவுதான் தெரியும்.

தூக்கத்தில் படகு ஆடியது. யாரோ பாடினார்கள். அப்பா என்றுதான் நினைத்தாள். ஆனால் குரல் பெண் குரலாக இருந்தது, லேசாகக் கம்மியது, ஆராரோ ஆரிரரோ என்று இழுத்தது. ரத்னா கண்ணைத் திறந்தாள்.

தாயாரம்மாள் தொட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் மடியில் இருந்தன. தொட்டித் தண்ணீர் அசையவே இல்லை.

ரத்னா எழுந்து ஓடினாள். சொம்பை எட்டி எடுத்து மொண்டு ஊற்றினாள், ஊற்றினாள், தரையெல்லாம் தெறிக்க ஊற்றினாள். மேலே வாயைத் திறந்துகொண்டிருந்த இரண்டும் மெதுவாக அசைந்தன. மூன்றாவது மீன் தொட்டியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. தாயாரம்மாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையை விட்டு எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக் காதருகே கொண்டுபோனாள். கத்தவில்லை. விரலால் லேசாக அழுத்தினாள். அப்போதும் கத்தவில்லை.

ரத்னாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கொலைகாரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மீனை உள்ளங்கைக்குள் மூடியபடி திரும்பினாள்.

தாயாரம்மாளின் முகம் வேர்த்து, மலர்ந்து போயிருந்தது. அந்த முகத்தை ரத்னா கிணற்றடியில் பார்த்ததே இல்லை.

"ஒரு நிமிசம் நிறுத்தலடி. தொண்ட கட்டிக்கிச்சு. காலைல செவுத்துக்கு அந்தாண்ட நீ பாடிக்கினே இருந்தியா, இன்னாடா இது, நல்ல நாள்ல இவளுக்குப் பாட்டு ஒரு கேடான்னு நெனச்சேன். மீனுக்குன்னு இப்பதான் தெரியுது. உன்னாட்டம் ஏரிப் பாட்டு எனக்குத் தெரியாது. தாலாட்டு மட்டுந்தான் வரும். கல்யாணம் ஆன புதுசுல எங்கம்மாகிட்ட ஒக்காந்து கத்துக்கினேன். இத்தினி வருசம் யாருக்கும் பாடல. பக்கத்தூட்டுக் கொழந்தைய எடுத்தாலே வெடுக்குனு வாங்கிக்கினு போயிடுவாளுங்க." குரலைத் தாழ்த்தினாள். "கேட்டுச்சுடி ரத்னா. மேல வந்து, வாயத் தொறந்துகினு, என்னியே பாத்துக்கினு கேட்டுச்சு."

முறை என்று சொன்ன பாடு அவள் காதில் பாட்டுப் பாடு என்று விழுந்திருக்கிறது; காற்றுக்குத் தவித்த வாயை அவள் பாட்டு கேட்கிற வாய் என்று நினைத்திருக்கிறாள்.

ரத்னா மூடிய கையைப் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். நாக்கு வரை வந்திருந்த சொல்லை முழுங்கினாள். அப்பா செத்த அன்றைக்குக்கூட அவள் இவ்வளவு பெரிதாக எதையும் முழுங்கியதில்லை.

"நல்லா பாடினீங்கக்கா," என்றாள். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். தப்பு எம்மேலதான். பாடிக்கினே, தோ, இந்தச் சொம்புல மொண்டு மேலருந்து ஊத்தணும். எங்கூர்ல பாடு வந்துட்டா கை சும்மா இருக்கக் கூடாதுன்னுவாங்க."

"இத மொதல்லயே சொல்றதுக்கின்னா?" என்று தாயாரம்மாள் சொம்பை வாங்கிக்கொண்டாள். நாற்று வயலுக்கு இறைத்துப் பழகிய கை. ரத்னாவைவிட உயரத்திலிருந்து, ரத்னாவைவிடச் சீராக ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே விட்ட இடத்திலிருந்து பாடினாள். ரத்னா கொல்லைக்குப் போய் முருங்கை மரத்தடியில் குழி தோண்டி மீனைப் புதைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன சர்க்கரைப் பொங்கலைத் தின்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு தேசப்பன் வந்தான். மூர் மார்க்கெட் பூட்டிக் கிடந்தது. ஆனால் தெரிந்த கம்பவுண்டர் ஒருத்தர் டாக்டர்கள் ஆபரேஷனுக்குப் போட்டுக்கொள்கிற ரப்பர் கையுறை ஒன்றைக் கொடுத்திருந்தார். அதன் உள்ளங்கைப் பகுதியை வெட்டி, இரண்டாக மடித்துக் கட்டினான். ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் 'ம்ம்ம்' என்றது. ரத்னாவுக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று.

"ரெண்டுதான் கீது?" என்றான் தேசப்பன், தொட்டிக்குள் குனிந்து.

"ஒண்ணு போயிடுச்சு. அக்காகிட்ட இதப் பத்தி மூச்சு விடாத."

மறுநாள் மாட்டுப் பொங்கல். ராஜமாணிக்கம் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிக்கக் கடம்பத்தூர் போய்விட்டார். உச்சி சாய்ந்ததும் நிலைப்படியில் காலடி கேட்டது. ரத்னா எட்டிப் பார்த்தாள். தாயாரம்மாள் தலை குளித்து, கனகாம்பரம் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமியபடி வந்துகொண்டிருந்தாள். ரத்னா என்ன நினைத்தாளோ, சட்டென்று கையை நீட்டிப் பிளக்கைப் பிடுங்கினாள். முனகல் நின்றது.

"இன்னாடி, மோட்டாரு சரியாப் போச்சா?"

"எங்கக்கா, ஓடுது, நிக்குது. நம்ப முடியல. நீங்க ஒக்காருங்க. உங்க பாடுதான்."

பாயில் படுத்திருந்த தேசப்பன் தலையைத் தூக்கினான். தான் கட்டிய ரப்பரைப் பற்றி அவனுக்கு ஒரு கர்வம் இருந்தது. ரத்னா பார்த்த பார்வையில் மறுபடி படுத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் மாசி, பங்குனி என்று நாள் போயிற்று. காக்களூரில் இன்னும் சில ஷெட்டுகள் வந்தன. கீச்சான் இரண்டும் வளர்ந்து கொழுத்தன. வந்தவர்கள் "எப்ப கொழம்புக்கு?" என்றால் இப்போது கிணற்றடியிலிருந்து தாயாரம்மாள்தான் சண்டைக்கு வருவாள். சாயங்காலத்துக்கு முன்னால் காலடி கேட்கும்போதெல்லாம் ரத்னாவின் கை தானாகப் பிளக்குக்குப் போகும். சொம்புத் தண்ணீர் விழும் சத்தமும் அந்தக் கம்மிய குரலும் கொஞ்ச நேரம் வீட்டை நிறைக்கும். ரத்னா அரிசி புடைத்துக்கொண்டோ தலை வாரிக்கொண்டோ கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் வாழ்ந்த வீடுகளிலேயே அந்த வீட்டை நினைத்தால்தான் பிற்காலத்தில் அவளுக்கு நெஞ்சு நனையும். மூன்றாவது மீன் என்ன ஆயிற்று என்று தாயாரம்மாள் ஒரு நாளும் கேட்டதில்லை. எண்ணத் தெரியாதவளும் இல்லை.

சித்திரையில் ஒரு நாள் ரத்னா அடுப்பில் எதையோ தீய விட்டுவிட்டு, அந்தப் பதற்றத்தில் பிளக்கை மறந்துவிட்டாள். மோட்டார் நன்றாகக் கேட்கும்படி முனகிக்கொண்டிருந்தது. தொட்டியில் குமிழி பொங்கிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது தாயாரம்மாள் கூடத்து நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, அது வந்து… இப்பதான்…"

"சும்மா இருடி. ஒத்தக்கல்லு செவுரு. எனக்கும் காது இருக்குது."

சொல்லிவிட்டுத் தாயாரம்மாள் குனிந்து, தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கினாள். தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீ உன் வேலையப் பாரு. இது என் பாடு."

ரத்னா சொம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.